வெட்டிய இடங்கள்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் டூலின் என்றொரு சின்னக் கடலோர ஊர். மீஹோ ரஸல், 1994-இல் சாகும்வரை டின் விசில் வாசித்த ஒரு விவசாயி, அவருடைய சகோதரர்கள் என்று ஒரு குடும்பமே அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மதுக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்க்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பார்கள். இதைப் படித்ததும் கடலாடிப் பக்கம் நானும் ஒரு டூலினைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. பாட்டெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

சாயல்குடி தாண்டி, மூக்கையூர்ப் பக்கம் ஒரு கரைவலை. தள்ளித் தள்ளி நின்று கயிறு இழுக்கும் இரண்டு கூட்டம், வலை நெருங்க நெருங்கப் பக்கத்தில் வருகிறது. ஒரு பெரியவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அடி விழும் இடத்தில்தான் இழுப்பு. வலையின் மடி கரைக்கு வரும்போது பாட்டும் ஓட்டம் பிடிக்கிறது. நான் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"சும்மா நிக்காம கயித்தப் புடிங்க தம்பி."

"இல்லண்ணே, வீடியோ எடுத்துக்கிட்டிருக்கேன்."

மீன் பிரித்து முடிந்ததும், இன்னொரு தடவை பாடச் சொல்லி, வெட்கமில்லாமல் ரூபாய்த் தாளையும் நீட்டினேன். "கயிறு இல்லாம என்னத்தப் பாட?" என்றவர், என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, 'படகோட்டி' படப் பாட்டு ஒன்றைப் பாடினார். 1964-இல் வந்த படம், பாட்டு வாலி எழுதியது. கரகரத்த தொண்டையில் சுருதி நழுவவே இல்லை. பணத்தைத் தொடவில்லை. இழுக்காத எனக்கும் ஒரு பை நிறையச் சூடை மீன் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து வீடியோவை வெட்டினேன். சினிமாப் பாட்டு போயிற்று, 'மரபு' கெட்டுவிடுமாம். கயிற்றைப் பிடிக்கச் சொன்ன குரலும் போயிற்று. மேலே, "மீனவர்களோடு கயிறு இழுத்தபடி பதிவு செய்தது" என்று எழுதிப் போட்டேன்.

பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 வானொலி 2016 முதல் நடக்கிறது. அங்கே பேசுகிறவர்கள் கயிறு பிடித்த வீட்டு ஆட்கள். அவர்கள் யாராவது என் காட்சியைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் எடுக்கவில்லை. நேற்றுகூட ஒருவர், "கை காய்த்துப்போயிருக்குமே சார்" என்று எழுதியிருந்தார். நன்றி சொல்லியிருக்கிறேன்.