இருண்ட திரையும் அவசரத் தீர்ப்பும்

பழைய கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தை நள்ளிரவில் புதுப்பித்துவிட்டு உறங்கினோம். ஃபஜ்ருக்குப் பின் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. முந்தைய மாலை அதில் விளையாடிய மகனைக் கடிந்துகொண்டோம். மறுமொழி கூறாது தலைகுனிந்து பள்ளிக்குச் சென்றான்.

பின்னர் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தியதும் எழுத்துத் திரை தோன்றியது. கணினி பழுதாகவில்லை. கிராபிக்ஸ் அட்டைக்கென நாம் முன்பு நிறுவியிருந்த பழைய டிரைவர், புதிய கெர்னலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. அதனை நீக்கியதும் கெர்னலோடு வரும் திறந்தமூல ‘நூவோ’ டிரைவர் பொறுப்பேற்றது. திரை ஒளிர்ந்தது, வேகம் மட்டும் குறைந்தது.

புதுப்பிக்குமுன் டிரைவரின் பொருத்தத்தை ஆராய்ந்திருக்க வேண்டியவர் நாமே. ஆராயாத நம் பிழையை, ஆராயாமலே மகன்மீது சுமத்தினோம். மாலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

“பரவாயில்லை வாப்பா. விளையாட்டு இனி மெதுவாகத்தான் ஓடுமா?” என்றான்.