மார்மலேட் பணத்தில் எழுந்து நின்ற கற்கள்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். மிக உயரமானது, மிகப் பழையது, மிகப் பெரியது என்று சொல்ல அந்த ஒரு மாவட்டத்திலேயே எத்தனை இருக்கிறது தெரியுமா! சாலிஸ்பரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் தங்கிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

சாலிஸ்பரி தேவாலயத்தின் கூர்கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலய கோபுரம் கிடையாது. ஆனால் அஸ்திவாரம் சுமார் 4 அடிதானாம்! "கோபுரத்துக்குள்ளே 332 படி ஏறணும் அண்ணி, உங்க முழங்கால் தாங்குமா?" என்றாள். தாங்காது என்று கீழேயே நின்றுவிட்டேன். அங்கேதான் 1386ஐ ஒட்டிச் செய்த கடிகாரம் இருக்கிறது. முள்ளும் கிடையாது, முகமும் கிடையாது. மணி அடிப்பதுதான் வேலை. இன்னும் ஓடும் கடிகாரங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிக்கெட் விலை அதிகம். தள்ளி நின்று பார்த்துவிட்டு வரவேண்டும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஏவ்பரி. சாலிஸ்பரியிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். உலகத்திலேயே பெரிய கல்வட்டம். குறுக்களவு சுமார் 330 மீட்டர். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழசு. வட்டத்துக்குள்ளேயே வீடு, ரோடு என்று ஒரு கிராமம் நடக்கிறது. கற்களைப் பார்க்கக் கட்டணமில்லை, தொட்டும் பார்க்கலாம்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊர்க்காரர்கள் இந்தக் கற்களைத் தீயில் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டிக்கொண்டார்கள். 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் வந்தார். ரொட்டியில் தடவுகிறோமே ஆரஞ்சு மார்மலேட், அது விற்றுப் பணம் சேர்த்த குடும்பத்து வாரிசு. நிலத்தை வாங்கி, புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி நிமிர்த்தினார். கல் காணாமல் போன இடங்களில் சிமெண்ட் கட்டைகளை நட்டார்.

நல்ல காரியம்தான். ஆனால் வட்டம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று உள்ளே இருந்த வீடுகள் பலவற்றை இடித்தார்கள். குடியிருந்தவர்கள் வெளியே போக வேண்டியதாயிற்று. அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியைக் காலி செய்து, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்களே! அவர்களுக்கு ஒரு பலகை வைத்தால் என்ன? கெய்லர் 1943இல் நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சில்பரி மேடு. மனிதர் கையால் எழுப்பிய புராதன மேடுகளில் ஐரோப்பாவிலேயே பெரியது. எதற்காக எழுப்பினார்களோ! பலமுறை குடைந்தும் சமாதி எதுவும் அகப்படவில்லை. பழைய குடைச்சலால் 2000இல் உச்சியில் பள்ளம் விழுந்து, பிறகு சரி செய்தார்கள். மேலே ஏறத் தடை. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் அவசியம். ஏவ்பரியில் கற்களுக்கிடையே செம்மறியாடுகள் மேய்கின்றன. புல்லைப் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள்.