வலப்பனையில் சாப்பாடு

வலப்பனைப் பகுதியிலுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கு எனக்கு மாற்றம் வந்திருப்பதாக அறிவித்தபோது என்மீது பொறாமைப்படாத நண்பர் எவருமில்லை. "கொடுத்து வைத்தவர் ஐயா நீர்! குளிர் காற்று, அருவி, பச்சைப் பட்டை விரித்தாற்போன்ற மலை. இனி உமக்கென்ன குறை?" என்றார் ஒருவர். மற்றொருவரோ தமது ஓய்வுக் காலத்தை அங்கேயே கழிக்கப் போவதாகவும், மலிவில் ஒரு சிறு வீடு கிடைத்தால் பார்த்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். யாழ்ப்பாணத்து வெயிலிலும் புழுதியிலும் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அவர்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகப் போகும் பஸ்ஸில் இருந்தபோது அந்த நம்பிக்கை இன்னும் வலுத்தது. மேலே தேயிலை. பனி மூட்டத்துக்குள் கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். கலண்டர்ப் படங்களில் பார்த்ததுபோலவே இருந்தார்கள். பின்னர் பாதை வளைந்து வளைந்து இறங்க, காற்றில் இளஞ்சூடு ஏறிற்று. தேயிலை பின்வாங்க, படிப்படியாக அமைந்த வயல்கள் தென்பட்டன. மேலே தமிழரின் தேயிலை, கீழே சிங்களவரின் நெல் என்று ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து, அது நன்றாக அமைந்ததாக மகிழ்ந்தும் கொண்டேன். தேயிலை தமிழருடையதுமன்று, வயலுக்குப் பெரிய கதை ஒன்று உண்டு என்பவை பின்னர்தான் தெரியவந்தன. குளிருக்கென்று பணம் கொடுத்து வாங்கிய கம்பளிச் சட்டையைப் பகலில் போட வலப்பனையில் அதிகம் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

குடும்பம் ஊரில், நான் இங்கே ஓர் அறையில். சமையல் எனக்குக் கைவராத கலை. ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன் இதைச் சொல்வதில் பெருமை ஏதுமில்லை. எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைகளை வளர்க்கும் விதம் அது. ஆகவே காலையும் இரவும், விடுமுறை நாட்களில் மதியமும், கடைத்தெருவிலுள்ள ஒரு சாப்பாட்டுக்கடையே எனக்குக் கதியாயிற்று.

நான்கு மேசைகள் கொண்ட சிறு கடை. வாசலில் கண்ணாடி அலுமாரி. அதற்குள் மாலுபாண், ரோல்ஸ், பருப்பு வடை. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். மாலை ஐந்து மணியானால் இரும்புத் தட்டில் கொத்து ரொட்டி போடும் ஓசை தெருவெங்கும் கேட்கும். முதலாளி சிங்களவர். ஆயினும் தோட்டத்து மக்களுடன் அவர்களுடைய தமிழிலேயே பேசுவார். என் யாழ்ப்பாணத் தமிழை அவர் விளங்கிக்கொள்வதற்குத்தான் சில நாட்கள் சென்றன.

வெளியே உண்பவனுக்குப் பிறர் உண்பதைப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். கந்தோர் எழுதுவினைஞர்கள், பஸ் சாரதிகள், மரக்கறி லொறிக்காரர்கள், எப்போதாவது முதுகில் பெரும் பையுடன் வரும் வெள்ளைக்காரர்கள்: இவர்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தோட்டத்து மக்கள் வருவது பெரும்பாலும் சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையில். அவர்கள் மட்டும் உட்காருவதில்லை. அலுமாரி ஓரத்தில் நின்றபடியே, ஒரு கொத்தோ நான்கு ரோல்ஸோ கட்டித் தரும்படி கேட்பார்கள். பொதி கைக்கு வந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துவிடுவார்கள். மேசைகள் வெறுமையாக இருந்தாலும் இதுவே வழக்கம்.

கூச்சம் போலும் என்று எண்ணினேன். நாற்காலியில் அமர்ந்து உண்ணும் பழக்கம் இல்லாதவர்கள் என்றும் எண்ணினேன். மறைப்பானேன், இந்த இரண்டாவது எண்ணந்தான் என் மனத்தில் முதலில் உதித்தது. மலையகத்து மக்களைக் குறிக்க எங்கள் பக்கத்தில் ஓர் இழிசொல் வழங்கியதுண்டு. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை, வாசகர் அறிவர்.

2025 ஆடி மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாயின. என்னிடம் படித்தவர்களில் மூவர் நன்றாகச் சித்தியடைந்திருந்தனர். இரு பெண்களும் ஒரு பையனும். மூவரும் லயத்துப் பிள்ளைகள். எனக்கு உண்டான மகிழ்ச்சியில் மூவரையும் கடைக்கு அழைத்துச் சென்றேன். நான்கு பிளேட் கொத்து ரொட்டி கொண்டுவரச் சொன்னேன். பிள்ளைகள் மேசையின் விளிம்பிலே கையை வைத்தபடி, பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல அமர்ந்திருந்தார்கள். கொத்து வந்தது. மூவரும் கால் பங்கைக்கூட உண்டிருக்க மாட்டார்கள், கரண்டிகள் நின்றுவிட்டன.

"ஏன், பிடிக்கவில்லையோ? சாப்பிடுங்கோ பிள்ளைகள்" என்றேன்.

"நல்லா இருக்கு சேர். மிச்சத்தக் கட்டித் தரச் சொல்லலாங்களா?" என்றாள் மூத்தவள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளாவது இருந்து நிம்மதியாகச் சாப்பிடக் கூடாதா, எதற்கெடுத்தாலும் பொதி கட்டும் இந்தப் பழக்கம் எப்போது போகும் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் மட்டும் சுவரிலிருந்த விலைப் பலகையை ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு பிளேட்டும் கொஞ்சமும் சேர்ந்தா எங்கம்மாவோட ஒரு பேரு சேர். தம்பிங்க ரெண்டு பேரு வீட்ல இருக்கானுங்க" என்றாள்.

அந்த மக்களின் வழக்கில் ஒரு பேர் என்பது ஒரு நாட்சம்பளம். அப்போது அது 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவாக இருந்தது. குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர். மழை பிடித்து மலை மூடிக்கொண்டால் அதுவுமில்லை. விலைப் பலகையை நான் தினமும் இரு தடவை பார்த்து வருகிறேன். கணிதம் போதிப்பவனும் நானே. இந்தக் கணக்கு ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

நான்கு தட்டுகளையும் கட்டித் தரச் சொன்னேன். என் தட்டில் எனக்குப் பசி இருக்கவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது வலப்பனை அன்று. எங்கள் வீட்டு அடுப்படி. எனக்குப் பத்து வயதளவில் எங்கள் வீட்டில் ஒரு சிறுமி இருந்தாள். "நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளை" என்று அம்மா சொல்லுவார். யாரோ ஒரு தரகர் கொண்டுவந்து விட்டார். அவளுக்கும் என் வயதே இருக்கும். முற்றம் கூட்டினாள், கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், என் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினாள். நாங்கள் மேசையில் சாப்பிட்டோம். நாங்கள் எழுந்த பிறகு அவள் அடுப்படித் தரையில் இருந்து சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் அவளை அடித்ததில்லை என்று என் தாயார் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. எந்தத் தோட்டம், தகப்பன் யார், சம்பளம் யார் கைக்குப் போயிற்று என்பவற்றை நாங்கள் எவரும் கேட்டதில்லை. வீட்டில் ஒரு பெயர் வைத்து அழைத்தோம். அது அவளுடைய சொந்தப் பெயர்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. மலைநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஒருவர் இருவர் அல்லர். எனக்குக் கிடைத்தது படியுடன் கூடிய இடமாற்றம். அவர்களுடையதற்கு எந்தப் பெயரைச் சூட்டுவது?

மறுநாள் காலை இடியப்பத் தட்டை வைத்துவிட்டு முதலாளி என் எதிரே அமர்ந்தார். "சேர், அந்தப் பிள்ளைகளைப் பேச வேண்டாம்" என்றார். பிறகு, கடையின் பின்பக்க ஜன்னலைத் திறந்து கீழே தெரிந்த வயல்களைக் காட்டினார். தம் பாட்டனின் முன்னோர் காலத்தில் அவை ஏலத்தில் போயின என்றும், அப்போது இங்கே கிழங்கும் இலையும் தின்று சனங்கள் செத்ததாகக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பதாகவும் கூறினார்.

கிழவிகள் சொன்னது பொய்யன்று. நெல் விளைச்சலில் வரி கேட்ட பிரிட்டிஷ் அரசு, 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைக் கட்டாயமாகக் காசாகவே கட்டும்படி செய்தது. கண்டிக் குடியானவன் காசைக் கண்டது வீட்டுத் தோட்டத்துக் கோப்பியில். 1869இல் தோன்றிய இலைநோய் அதையும் தின்றுவிட்டது. வரி கட்ட முடியாதவர்களின் வயல்கள் 1880களில் ஏலத்துக்கு வந்தன. அந்தக் கொடுமை மிக மோசமாக நிகழ்ந்த இடங்களில் வலப்பனை முதன்மையானது. நிலம் இழந்து பட்டினியால் மடிந்தவர்களைப் பற்றி, நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் எழுதி வைத்தார். ஜோர்ஜ் வோல் என்ற ஆங்கிலேயர் இந்த வரிக்கெதிராகப் பெரும் கிளர்ச்சி செய்தார். அவர் தாமே தோட்டத்துரையாக இருந்தவர் என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. வரியை ஒழிக்கும் சட்டம் 1892இல் வந்தது. செத்தவர்கள் செத்தவர்களே.

கீழே சிங்களக் குடியானவனின் வயல் ஏலத்தில் போன அதே ஆண்டுகளிலேதான், மேலே கோப்பி பட்ட மலைகளில் தேயிலை நாட்டப்பட்டு, கங்காணியின் கடனுக்குக் கட்டுப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் அடைக்கப்பட்டன. இருவரின் வயிற்றையும் காயவைத்தது ஒரே அரசு, ஒரே கஜானா. ஆனால் இந்த இருவரும் ஒரு மேசையில் இருந்து இந்தக் கதையைப் பேசிக்கொண்டால் நாட்டில் எத்தனை பேருடைய பிழைப்பு கெட்டுவிடும்! 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதும் அந்தப் பேச்சு நடக்கவில்லை. தோட்டத்து மக்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. எங்கள் தமிழ்த் தலைவர்களில் சிலரும் அதற்குக் கை உயர்த்தினார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பின்னர் 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவார்கள். 1974இல் அவர்களையும் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தவர்கள், மேடையில் நின்று கையசைத்த உறவினர்களே. போனவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலைச் செடிக்கே போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டு அரசு 1968இல் அவர்களுக்கென்றே அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. கோத்தகிரியும் அழகான ஊர் என்றே சொல்கிறார்கள். அங்கும் பலர் ஓய்வுக் காலத்துக்கு வீடு பார்க்கிறார்கள்.

ஆவணியில் கொழும்பு நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வந்தார். கந்தப்பளைக்கு மேலே ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஓர் உல்லாச ஓட்டலாக மாற்றப்பட்டது. அங்கே மதிய உணவுக்கு என்னை அழைத்துச் சென்றார். உணவு நன்றாக இருந்தது. உபசாரத்திலும் குறை சொல்வதற்கில்லை. கொழுந்து வாட்டிய மாடிகளில் படுக்கையறைகள்; பழைய இயந்திரங்கள் துலக்கிக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. முற்றத்தில் ஒரு ரயில் பெட்டியும் நிற்கிறது. அதை உணவறையாக்கியிருக்கிறார்கள். நண்பரின் பிள்ளைகள் அதைக் கண்டதும் கைகொட்டி ஓடினார்கள். அந்தப் பெட்டி யாரையும் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்றதன்று. அது வேறு பெட்டி, வேறு கதை. ஆனாலும் என் வாயில் இருந்த கவளம் சற்று நேரம் இறங்கவில்லை. நண்பர், "ஏன், உறைப்போ?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

அடுத்த வாரம் அந்த மூத்த மாணவி என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அம்மா கூப்பிட்டதாகச் சொன்னாள். கொத்து ரொட்டிக்குக் கைம்மாறு என்று எனக்கு விளங்கிற்று. மறுக்க வாய் வரவில்லை.

தார் போட்ட பாதை முடிந்த பிறகு, தேயிலைக்கு நடுவே அரை மணி நேரம் ஏறினேன். முன்னே ஒரு சிறு திண்ணையும் உள்ளே ஒரே அறையுமாக, வெள்ளைக்காரன் கட்டிய லயம். தகரக் கூரையின்மேல் காற்றுக்குக் கற்கள் பாரமாக வைக்கப்பட்டிருந்தன. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டு, மற்றொரு வீட்டிலிருந்து இரவல் வாங்கிய முக்காலியில் தட்டை வைத்தார்கள். கோதுமை ரொட்டி, கட்டச்சம்பல், எனக்கென்று விசேஷமாக ஒரு கோழிக் கறி. குடிக்கச் சாயத்தண்ணீர். தோட்டத்தில் கொடுக்கும் தூள். கறுப்பாகவும் கசப்பாகவும் இருந்தது. நல்ல கொழுந்து கப்பலேறிப் போய்விடுகிறது.

"நீங்களும் இருங்கோவன், சேர்ந்து சாப்பிடுவம்" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க சேர். நாங்க அப்புறமாச் சாப்பிட்டுக்குவோம்" என்றார் அந்தத் தாய்.

மறுபடியும் வற்புறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவரும் மகளும் இரு சிறுவர்களும் அடுப்பருகே நின்றுகொண்டிருந்தார்கள்.