அக்காவின் பை

முதலாம் ஆண்டு மாணவர்க்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை நான். மூன்றாண்டுகளுக்கு முன் என் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு சொல்லைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பள்ளி திறந்த இரண்டாம் நாள். ஒரு சிறுவன் இளஞ்சிவப்புப் பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பினுள் நுழைந்தான். பையின்மேல் முடி சூடிய இளவரசி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன தம்பி, அக்காவின் பையை மாற்றி எடுத்து வந்துவிட்டாயா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவன் ஒன்றும் பேசாமல் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். மறுநாள் நூல்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுமந்து வந்தான். பயிற்சிப் புத்தகம் மழையில் நனைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் தந்தையார் என்னைக் காண வந்தார். லாரி ஓட்டுபவர். "ஈராண்டுக்கு முன் மூத்தவளுக்கு அறுபது வெள்ளி கொடுத்து வாங்கிய பை, டீச்சர். அவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பை நன்றாகத்தான் இருக்கிறது. இவன் தொடமாட்டேன் என்கிறானே!" என்றார். காரணம் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். புதுப்பை வாங்க வேண்டா, நான் பேசிச் சரிசெய்கிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். அம்மா கோதுமை மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த பையை முதலில் அண்ணன், பிறகு நான், பிறகு தம்பி என மூவரும் சுமந்தோம். அது ஆணுக்குரியதா பெண்ணுக்குரியதா என்று எவரும் கேட்டதில்லை. இன்றும் நம் தொடக்கப் பள்ளிச் சிறுமியரின் பினாபோரும் சிறுவரின் காற்சட்டையும் ஒரே கருநீலந்தானே! அதைக் கண்டு யார் சிரிக்கிறார்கள்?

இந்த நிறப் பாகுபாடு எங்கிருந்து வந்ததென்று தேடிப் படித்தேன். வியப்பாக இருந்தது. 1918இல் அமெரிக்காவின் குழந்தை உடை வணிக இதழொன்று, இளஞ்சிவப்பு அழுத்தமான நிறமாதலால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையானதாதலால் பெண் குழந்தைக்கும் ஏற்றவை என்று எழுதியிருக்கிறது! பிற்காலத்தில் அது தலைகீழானது. ஒரே பொருளை இரு நிறங்களில் செய்தால் அண்ணனுடையது தங்கைக்கு உதவாது. வீட்டுக்கு இரண்டாக விற்கலாம். விலையிலும் சூது உண்டு. 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெண் பிள்ளைகளுக்கென விற்கும் விளையாட்டுப் பொருள்கள் சராசரியாக 7 விழுக்காடு கூடுதல் விலையில் இருந்தன. குழந்தைகளுக்கான ஒரே வகை ஸ்கூட்டர், சிவப்பானால் ஏறக்குறைய 25 டாலர், இளஞ்சிவப்பானால் 50.

திங்கட்கிழமை வகுப்பார் முன்னிலையில் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றான். அவன் தோளில் நீல நிறப் புதுப்பை. அதில் பந்தயக் கார் ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. விலைச்சீட்டின் நூல்கூட இன்னும் அறுபடவில்லை.

சென்ற மாதம் இரவுச் சந்தையில் அவன் தாயாரைக் கண்டேன். அந்த இளவரசிப் பையிலிருந்து முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை.