கைகளைப் பார்க்கும் காவல்

பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் தெருவில் நடந்து சென்று பொதுமக்களோடு பேசுவது நெடுங்கால மரபன்று. 1970ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்தின்போதுதான் இரண்டாம் எலிசபெத் அரசி அவ்வழக்கத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1974 மார்ச் 20 அன்று, லண்டனில் இளவரசி ஆனைக் கடத்த முயன்றவன் சுட்டதில் மெய்க்காவலர் உட்பட நால்வர் காயமுற்றனர். 1981 ஜூனில், அணிவகுப்பில் குதிரைமீது வந்த அரசியை நோக்கி ஓர் இளைஞன் ஆறு வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். மக்களோடு நெருங்கினால்தான் அரசமரபுக்கு மதிப்பு. அந்த நெருக்கத்திலேதான் ஆபத்தும் இருக்கிறது.

இந்த முரணின் நடுவே மாற்றுத்திறனாளியின் உடல் வந்து நிற்கிறது.

மெய்க்காவலரின் கண் முகத்தைவிடக் கைகளையே கவனிக்கும். ஆயுதம் கையில்தான் வரும் என்பது அதற்குக் காரணம். ஆனால் சைகை மொழி பேசுவோருக்குக் கைகளே குரல். மூளை முடக்குவாதம் உள்ளவரின் கை, அவர் நினைக்காதபோதும் திடீரென வீசப்படலாம். பார்வையற்றவர் எதிரில் இருப்பவரை அறியக் கையை நீட்டுவார். செயற்கைக் கால் உலோகச் சோதனைக் கருவியை ஒலிக்கச் செய்யும். 'இயல்பான உடல்' என்ற ஒற்றை அளவுகோலைக் கொண்டு பார்க்கும் காவலுக்கு இவை யாவும் ஐயத்திற்குரியனவாகத் தோன்றும்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது இரக்கம். சக்கர நாற்காலியில் இருப்பவரால் என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று சோதனையின்றி விடுவது சலுகைபோலத் தெரியும். உண்மையில் அது, அவரைச் சுயமாகச் செயல்படவல்ல மனிதராகவே எண்ணாத அலட்சியம். ஐயமும் இரக்கமும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் குறைபாட்டைப் பார்க்கின்றன, ஆளைப் பார்ப்பதில்லை.

வழி இல்லாமலில்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், பொதுப்பணி ஆற்றுவோர் மாற்றுத்திறனாளிகளின் தேவைகளை முன்கூட்டியே எண்ணித் தக்க மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலி அதில் அமர்ந்திருப்பவரின் உடலில் ஒரு பகுதி. ஆகவே தொடுமுன் சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். உடன் வந்தவரிடமல்ல, அவரிடமே கேட்க வேண்டும். வெண்கோலைச் சோதித்தவுடன் அதே கையில் திருப்பித் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அரசமரபினரின் அருகில் மட்டுமன்றிச் சோதனை வாயிலிலும் இருக்க வேண்டும்.

காது கேளாமை அரண்மனைக்குப் புதிதுமன்று. இளவரசர் பிலிப்பின் தாய் ஆலிஸ், 1885இல் வின்ட்சர் கோட்டையில் செவித்திறன் குறைபாட்டுடன் பிறந்தவர். உதட்டசைவைப் படித்தே உரையாடியவர். பிரிட்டிஷ் காதுகேளாதோர் சங்கத்தின் புரவலராக இருந்த டயானா சைகை மொழி கற்றுக்கொண்டார். அரச குடும்பத்தவரே கைகளால் பேசிய பிறகு, கூட்டத்தில் உயரும் ஒரு கை வணக்கமாகவும் இருக்கக்கூடும் என்பதைக் காவலும் கற்றிருக்க வேண்டும்.

காவல் தேவைதான். ஆனால் சில நிமிடச் சந்திப்புக்காக ஆண்டுகளாகக் காத்திருந்தவர், அரசியின் புன்னகையை நினைவில் கொள்வாரா, தம் நாற்காலியைக் கேளாமல் புரட்டிய கையை நினைவில் கொள்வாரா என்பதை முடிவு செய்வது வாயிலில் நிற்கும் அந்தக் காவலரே.