ஒரே டீச்சர், ரெண்டு ஜோடி

மரீனா ஜுயேவான்னு ஒரு அம்மா. பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பரவாயில்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸ்ல ஒரு வெள்ளைக்கார ஜோடி பனித்தரையில 'கஜ்ரா ரே'வுக்கும் 'டோலா ரே'வுக்கும் ஆடினது ஞாபகம் இருக்கா? மெரில் டேவிஸ், சார்லி வொயிட். புனேல எங்க ஆபீஸ்ல வேலையை விட்டுட்டு ஆளாளுக்கு யூடியூப்ல பார்த்தோம். அவங்களுக்குக் கோச் ரெண்டு பேர், இந்த ஜுயேவாவும் இகோர் ஷ்பில்பாண்டும். ரெண்டு பேருமே சோவியத் காலத்து ஐஸ் டான்ஸர்கள். நம்மளை மாதிரி பொட்டி கட்டிக்கிட்டு ஊரை விட்டு வந்தவங்க.

ஐஸ் டான்ஸ்ல பொண்ணைத் தூக்கி எறியறது, பறந்து சுத்தறது எல்லாம் கிடையாது. அது ஜோடி ஸ்கேட்டிங். இதுல காலடியும் தாளமும்தான். நம்ம பாஷைல சொன்னா அடவு சுத்தம்.

ஜுயேவா ஆடின காலத்துல 1977 உலகப் போட்டியில 5வது இடம். ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. நடனம் அமைக்க வந்தப்புறம்தான் பேரு. 1988லயும் 1994லயும் தங்கம் வாங்கின கோர்தியேவா - கிரின்கோவ் ஜோடிக்கு நடனம் அமைச்சது இவங்கதான். 1995 நவம்பர்ல கிரின்கோவ் பயிற்சி நடுவுல மாரடைப்புல போயிட்டார். வயசு 28. மூணு மாசம் கழிச்சு கோர்தியேவா தனியா ஆடினாங்க, மாலரோட 5வது சிம்பொனியில வர்ற மெதுவான பகுதிக்கு. அதையும் ஜுயேவாதான் அமைச்சாங்க. பக்கத்துல ஆள் இல்லாத ஒருத்திக்கு ஆட்டம் அமைக்கறதுன்னா சும்மாவா?

அதே இசையை 2010ல கனடாவோட டெஸ்ஸா வெர்ச்சூ - ஸ்காட் மோயர் ஜோடிக்குக் குடுத்தாங்க. தங்கம். வெள்ளி யாருக்கு? நம்ம 'டோலா ரே' ஜோடிக்கு! ரெண்டு ஜோடியும் மிச்சிகன் கேன்டன்ல ஒரே ரிங்க், ஒரே டீச்சர்.

2012ல ஷ்பில்பாண்ட் பிரிஞ்சு போயிட்டார். ரெண்டு ஜோடியும் ஜுயேவாகிட்டயே இருந்தாங்க. 2014 சோச்சியில அப்படியே தலைகீழ்: டேவிஸ் - வொயிட் தங்கம், வெர்ச்சூ - மோயர் வெள்ளி. டீச்சர் சில நேரம் எங்க பக்கம் இல்லையோன்னு தோணுச்சுன்னு மோயர் வெளிப்படையாவே சொன்னார். அப்புறம் அந்த ஜோடி மான்ட்ரியல்ல வேற டீச்சர்கள்கிட்ட போய் 2018ல திரும்பவும் தங்கம் வாங்கினது தனிக்கதை.

(2019ல மெரில் டேவிஸ் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஜுயேவாவோட பையனை. மோயர் அதைக் கேட்டுட்டு என்ன நினைச்சாரோ!)

இதெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் எங்க வீட்டுத் தங்கமணி. கும்பகோணத்துல பத்து வருஷம் பரதம் படிச்சவ. கல்யாணம், புனே, குழந்தைன்னு சலங்கை பரணுக்குப் போயிடுச்சு. இப்ப சொசைட்டி க்ளப் ஹவுஸ்ல 14 பசங்களுக்குச் சொல்லித் தர்றா. "ஆட முடியலைன்னாதானே டீச்சர் ஆவாங்க"ன்னு ஒரு சொந்தக்காரர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அவ காபி போடப் போயிட்டா.

பொங்கல் விழாவுல தனி ஆட்டத்துக்கு ஒரே இடம். நல்லா ஆடற பொண்ணுங்க ரெண்டு. ஒண்ணு பி விங் பொண்ணு, இன்னொண்ணு எங்க பொண்ணு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டே இருந்தா. "ஏங்க, நம்ம பொண்ணுக்குக் குடுத்தா ஊர் பேசும். அதுக்குப் பயந்து குடுக்காம விட்டா அது அவளுக்குப் பண்ற துரோகம். ஊரை விட்டுட்டு காலை மட்டும் பார்க்கணும்"னா.

காலை மட்டும் பார்த்தா. பி விங் பொண்ணுக்குக் குடுத்துட்டா.

எங்க பொண்ணு மூணு நாளா அம்மாகிட்ட பேசலை. ஆனா சாயந்திரம் அஞ்சு மணி ஆனா தாவணியை இழுத்துக் கட்டிக்கிட்டு, அவளுக்கு முன்னாடியே க்ளப் ஹவுஸ்ல போய் நிக்குது.