மரணப் பள்ளத்தாக்குக்கு மூட்டை கட்டுவது எப்படி?

பெயரைச் சொன்னாலே வீட்டில் அனுப்ப மாட்டார்கள். டெத் வேலி! அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கிற பாலைவனம். கோவாவைப் போல மூன்றரை மடங்குக்கும் பெரிய தேசியப் பூங்கா. 1913 ஜூலை 10-ம் தேதி இங்கே ஃபர்னஸ் க்ரீக் என்ற இடத்தில் 56.7 டிகிரி செல்ஷியஸ் வெயில் பதிவானது. அந்தக் கணக்கைச் சந்தேகப்படுகிற நிபுணர்கள் உண்டு. இருந்தாலும் உலக ரிக்கார்டு இன்றைக்கும் அதுதான். ஃபர்னஸ் என்றால் உலை. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஐந்து மணி நேரம். எனவே மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், அங்கே கம்ப்யூட்டர் தட்டுகிற நம்ம ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மச்சி, ரைஸ் குக்கர் எடுத்தியா?"

"எடுத்தாச்சு."

"ஊறுகாய்?"

"ரெண்டு பாட்டில்."

"தண்ணி?"

"அதை வழியில வாங்கிக்கலாம்டா!"

ரைஸ் குக்கரை எந்த மரத்தில் செருகப் போகிறார்கள் என்பது தெரியவில்லை. அங்கே மரமும் கிடையாது. அதை மன்னித்துவிடலாம். அந்தக் கடைசி பதிலைத்தான் மன்னிக்க முடியாது.

பாலைவனத்துக்கு மூட்டை கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். 'நடுவழியில் கார் நின்றுபோனால், யாராவது வந்து சேரும்வரை அதன் பக்கத்திலேயே நம்மால் உயிரோடு உட்கார்ந்திருக்க முடியுமா?' முடியும் என்று சொல்ல வைக்கிற சாமான் எல்லாம் அவசியம். மற்றதெல்லாம் ஆடம்பரம்.

மிகைப்படுத்தவில்லை. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு குடும்பம் இங்கே சுற்றிப் பார்க்க வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர், குழந்தைகள் இரண்டு பேர். ஊர் திரும்பவில்லை. அக்டோபரில், வேறு வேலையாக ஹெலிகாப்டரில் பறந்த ஒரு வனக் காவலர் அவர்களுடைய வாடகை வேனைப் பார்த்தார். ஆன்வில் கேன்யன் என்ற ஆளரவமற்ற பள்ளத்தில், டயர்கள் காற்றுப் போய் நின்றிருந்தது. அந்தப் பாலைவனத்தில் தேட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். வேன் கிடைத்தது, ஆட்கள் கிடைக்கவில்லை. 13 வருடம் கழித்து, 2009-ல்தான் சில கிலோமீட்டர் தள்ளி எலும்புகள் கிடைத்தன.

கார் ஆகாயத்திலிருந்து தெரியும். நடந்து போகிற மனிதன் தெரியமாட்டான். அதனால்தான் அங்கே உள்ள அதிகாரிகள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்: வண்டி நின்றால் வண்டியை விட்டுப் போகாதே! பானெட்டைத் திறந்து வை, நிழலில் உட்கார், காத்திரு. சரி, காத்திருக்க என்னென்ன வேண்டும்?

தண்ணீர்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர். வழியில் மாட்டிக்கொண்டால் என்று இரண்டு நாள் கணக்கைச் சேர்த்தால் 80. அதாவது நம் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறதே 20 லிட்டர் கேன், அதில் நாலு! ஆனால் எல்லாவற்றையும் பெரிய கேனில் வைக்காதீர்கள். ஒன்று உடைந்தால் ஓர் ஆளின் பங்கே போய்விடும். சின்னச் சின்னதாகப் பிரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடும். சட்டை நனையாது. 'எனக்கு வியர்க்கவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டே மயங்கி விழுவார்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி. அதனால் உப்புக் கடலை, உப்பு பிஸ்கட் அவசியம். அந்த இரண்டு பாட்டில் ஊறுகாய்க்கும் இங்கே மருந்து அந்தஸ்து கிடைத்துவிடுகிறது. பையனைத் திட்ட வேண்டாம்.

டயர்

ரேஸ்டிராக் என்று ஓர் இடம். காய்ந்துபோன ஏரிப் படுகையில் கற்கள் தாமாகவே நகர்ந்து, பின்னால் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கும். என்ன மாயம் என்று பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் கல் நகர்வதை விஞ்ஞானிகள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். ராத்திரி உறைகிற மெல்லிய பனிக்கட்டித் தகடு, காலை வெயிலில் உடைந்து, லேசான காற்றில் கல்லைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

இதைப் பார்க்க 43 கிலோமீட்டர் கூரான கல் ரோட்டில் போக வேண்டும். டயரைக் கிழிப்பதில் கைதேர்ந்த ரோடு. வாடகைக் காரில் கொடுக்கிற பொம்மை ஸ்டெப்னி இங்கே உதவாது. முழு அளவு ஸ்டெப்னி, காற்றடிக்கும் பம்ப், ஜாக்கி, ஜாக்கி மணலில் புதையாமலிருக்க அடியில் வைக்க ஒரு பலகை, இவ்வளவும் தேவை. தரை உயரமான வண்டி இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். பெட்ரோல் பூங்காவுக்குள் மூன்று இடத்தில்தான் கிடைக்கும். விலையைப் பார்த்தால் அங்கேயே வியர்த்துவிடும். வெளியே பாரம்ப் போன்ற ஊரிலேயே டாங்கை நிரப்பிக்கொள்வது நல்லது.

காகித மேப்

செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஜி.பி.எஸ். பெட்டியோ, என்றைக்கோ மூடிய சுரங்கத்துக்குப் போகிற பாதையைக்கூட ராஜபாட்டை மாதிரி காட்டும். அதை நம்பிப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. 'ஜி.பி.எஸ். சாவு' என்று அங்கே ஒரு சொல்லே புழங்குகிறது.

ஷூவும் ஸ்வெட்டரும்

1972 ஜூலையில் ஃபர்னஸ் க்ரீக்கில் தரையின் சூடு கிட்டத்தட்ட 94 டிகிரி. தண்ணீர் கொதிக்க இன்னும் 6 டிகிரிதான் பாக்கி! 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் ரப்பர் செருப்போடு மணல்மேட்டில் நடந்தார். செருப்பு போய்விட்டது. வெறும் காலால் நடந்ததில் பாதம் வெந்து தோல் உரிந்துவிட்டது. ஹெலிகாப்டரால் இறங்க முடியவில்லை. அவ்வளவு சூட்டில் காற்று லேசாகி, இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காதாம். ஆம்புலன்ஸில் கொஞ்சம் குளிர்ந்த மேட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தூக்கிப் போனார்கள். ஆகவே கணுக்கால் மறைக்கிற ஷூ, முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி.

ஸ்வெட்டர் எதற்கு என்கிறீர்களா? பேட்வாட்டர் என்ற இடம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற டெலஸ்கோப் சிகரம் 3,366 மீட்டர். குளிர்காலத்தில் உச்சியில் பனி மூடியிருக்கும். டிசம்பர் ராத்திரியில் பள்ளத்தாக்கிலேயே சுமார் 4 டிகிரிக்கு இறங்கிவிடும். ஊட்டிக்கு எடுத்துப் போவதையெல்லாம் இங்கேயும் எடுத்துப் போக வேண்டும்.

கூடாரம்

காற்று பலமாக அடிக்கும். நல்ல முளைகள் வேண்டும். காய்ந்த ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அதில் டென்ட் அடிக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 20-ம் தேதி, ஹிலரி புயலின்போது, ஒரு வருடத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ரோடுகள் அடித்துக்கொண்டு போய், பூங்காவையே ஏறக்குறைய இரண்டு மாதம் மூடி வைத்தார்கள். சமைக்க கேஸ் ஸ்டவ் எடுத்துப் போங்கள். சுள்ளி பொறுக்கினால் அபராதம் கட்ட வேண்டி வரும்.

இதையெல்லாம் விட முக்கியம் காலண்டர். இந்தப் பள்ளத்தாக்குக்கு மரணம் என்று பெயர் வைத்தவர்கள் 1849-ல் தங்கம் தேடிக் கிளம்பி வழி தவறி வந்த கூட்டத்தார். ஆனால் அதற்குப் பல நூறு வருடம் முன்பிருந்தே டிம்பிஷா ஷோஷோனி மக்கள் அங்கே குடும்பம் நடத்தினார்கள். ரகசியம் சுலபமானது. வெயில் ஏறினால் அவர்களும் மலைமேல் ஏறிவிடுவார்கள், குளிரில் இறங்கி வருவார்கள். நீங்களும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கோடையில்தான் லீவு என்றால், பள்ளத்தாக்கில் காலை பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சாமான் உண்டு. அதை எடுத்துப் போகக் கூடாது, வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு துண்டுச் சீட்டு. எந்த ரோடு, எந்த இடத்தில் தங்கல், காரின் நம்பர், எந்தத் தேதி எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குள் போன் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், எல்லாம் எழுதி, ஊரில் இருக்கிற நம்பகமான ஒரு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். 80 லிட்டர் தண்ணீரோடு காத்திருப்பதற்கு அர்த்தம், தேடி வர ஓர் ஆள் இருந்தால்தான்.

நம்பகமான ஆள் என்றால், சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபடியே சட்டையைத் துவைக்கப் போடாத ஆள்.